கேரவன் ஷவரில் தீராத கசிவு: பழைய சீலன்ட் மாற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

ஷவர் மூலை இடுக்கை அடைக்கப் போட்ட சிலிக்கான் சீலன்ட் ஆறு மாதத்தில் விட்டுப்போனால், பெரும்பாலானவர்கள் அதன் மேலேயே இன்னொரு டியூப் அடித்துவிடுவார்கள். இந்த வண்டியிலும் அதுதான் நடந்திருந்தது. புது சீலன்ட் போடுவது அரை நாள் வேலை. ஆனால் அது நிற்குமா நிற்காதா என்பது அதற்கு முன்னால் செய்கிற வேலைகளில் இருக்கிறது: நின்று குளிக்கும் ஷவர் ட்ரே ஆடுகிறதா என்று பார்க்க வேண்டும், பழையதை மிச்சமில்லாமல் எடுக்க வேண்டும், உள்ளே ஊறிய பலகையைக் காயவிட வேண்டும். இந்த வண்டியில் எங்கள் நேரம் முழுக்க அங்கேதான் போனது. அதனால் அதைப் பற்றித்தான் இங்கே அதிகம் எழுதுகிறேன்.

வண்டியும் புகாரும்

ஜீப்பின் பின்னால் கொக்கி மாட்டி இழுத்துச் செல்லும் கேரவன் இது. உள்ளூரிலேயே கட்டியது. இரும்பு சேஸிஸ், அலுமினியச் சட்டகம், வெளியே அலுமினியத் தகடு, உள்ளே 6 மி.மீ. பிளைவுட். ஷவர் அறை சின்னது, இரண்டரை அடிக்கு இரண்டடி. கீழே ஃபைபர் ட்ரே. சுவரில் பிளைவுட் மேல் வெள்ளை ஏபிஎஸ் பிளாஸ்டிக் ஷீட் ஒட்டி, மூலைகளில் அலுமினிய ஆங்கிள் அடித்திருந்தார்கள். ஷவருக்கும் படுக்கைக்கும் நடுவில் ஒரே ஒரு பிளைவுட் தடுப்புதான். அந்தத் தடுப்புக்கு இந்தப் பக்கம், படுக்கைக்குக் கீழே, துணிமணி வைக்கும் பெட்டி.

வண்டி லாஸ்பேட்டையில் இருக்கும் ஓய்வு பெற்ற தம்பதியுடையது. வருஷத்தில் நாலைந்து முறை ஏற்காடு, ஏலகிரி, ஒகேனக்கல் என்று கிளம்பிவிடுவார்கள். புகாரை முதலில் சொன்னது அம்மாதான். "பெட்டியில் வைக்கிற போர்வையெல்லாம் ஒரு மாதிரி மக்கின வாடை அடிக்குது தம்பி. தொட்டா பிசுபிசுன்னு இருக்கு." சாருக்கு வேறு கவலை. "வருஷா வருஷம் சிலிக்கான் அடிக்கிறோம். ஆறு மாசம்கூட நிக்க மாட்டேங்குது. அதனால ஷவர் இல்லைன்னு நினைக்கிறேன். மேல கூரையிலதான் எங்கயோ ஓட்டை."

அவர் அப்படி நினைக்கக் காரணம் இருந்தது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையைக் கடந்தபோது, ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. வண்டி அப்போது திறந்தவெளியில் நின்றிருந்தது. அதற்குப் பிறகுதான் வாடை கூடியதாக அவர்கள் நினைவு.

வண்டி எங்கள் கைக்கு வந்தது 2025 மே மாதம், கத்திரி வெயிலில். வில்லியனூர் பக்கம் இருக்கும் பட்டறையில் கொண்டுவந்து விட்டார்கள். பல வாரங்களாக மழையே இல்லை. கூரை ஒழுகலாக இருந்தால் அந்த வெயிலில் பலகை இறுகக் காய்ந்திருக்க வேண்டும். பெட்டிக்குள் கையை விட்டால் மூலைப் பலகை சில்லென்று இருந்தது. சந்தேகம் ஷவர் பக்கம் திரும்பியது அந்த இடத்தில்தான்.

ஓதத்தை அளந்த விதம்

ஈரமானி வைத்துப் பார்க்காமல் இதுபோன்ற வேலையைத் தொடங்கக்கூடாது. இரண்டு ஊசி முனை உள்ள சாதாரண மீட்டர் போதும். ஆனால் ஊசி பலகையில் மட்டும் இறங்க வேண்டும். பின்னால் இருக்கும் அலுமினியத்தைத் தொட்டுவிட்டால் மீட்டர் பொய்யாக ஏறும்.

இழுவைக் கேரவன் அதிகம் புழங்கும் பிரிட்டனில், ஆண்டு சர்வீஸில் ஓதச் சோதனையும் ஒரு பகுதி. அங்கே பொதுவாகப் பின்பற்றும் கணக்கு இது: 15 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் கவலை இல்லை. 15 முதல் 20 வரை என்றால் சில மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். 20-ஐத் தாண்டினால் வேலை செய்தாக வேண்டும். 30-க்கு மேல் போனால் பலகையே கெட்டிருக்க வாய்ப்பு அதிகம்.

இந்தக் கணக்கை அப்படியே கொண்டுவந்து புதுச்சேரியில் வைத்தால் குழப்பம்தான் வரும். மரம் காற்றில் இருக்கும் ஈரத்துக்குத் தக்கபடி தானும் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். காற்றின் ஈரப்பதம் 50 சதவீதம் என்றால் மரத்தில் சுமார் 9 சதவீதம் நிற்கும். காற்றில் 80 சதவீதம் என்றால் மரத்தில் 15 சதவீதத்தை ஒட்டி நிற்கும். ஐப்பசி, கார்த்திகையில் நம் ஊரில் எந்தக் கசிவும் இல்லாத பலகைகூட 15, 16 காட்டும். அதைப் பார்த்துவிட்டுச் சுவரைப் பிரித்தால் வீண் செலவு. அதனால் நான் எப்போதும் அதே வண்டியில், தண்ணீர் வர வாய்ப்பே இல்லாத ஓரிடத்தை முதலில் அளந்து அடையாளம் போட்டுவைப்பேன். மற்ற இடங்களை அதோடு ஒப்பிட்டுத்தான் பார்ப்பேன். நம் கடற்கரை ஊர்களில் தனி எண்ணை நம்புவதைவிட, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை நம்புவதே சரி.

இங்கே சமையல் மேடைக்கு மேலுள்ள அலமாரியின் முதுகுப் பலகை 13 காட்டியது. கூரை விளிம்பும் சன்னல் அடியும் 13, 14. கூரை மேல் இருந்த சந்தேகம் அதோடு தீர்ந்தது. பெட்டிக்குள் தடுப்புப் பலகையின் நடுப்பகுதி 24. ஷவர் மூலைக்கு நேர் பின்னால், தரையை ஒட்டி, 31.

கேசரிப் பவுடர் சோதனை

ஷவர் என்று தெரிந்துவிட்டது. ஆனால் ஷவரில் தண்ணீர் வெளியேற மூன்று நான்கு வழிகள் உண்டு. ட்ரேயில் விரிசல் இருக்கலாம். வடிகுழாய் இணைப்பு தளர்ந்திருக்கலாம். குழாய் உள்ளே ஒழுகலாம். சீலன்ட் விட்டிருக்கலாம். இதைப் பிரித்தறியாமல் சீலன்டில் கை வைத்தால், வேலை முடிந்த பிறகும் பெட்டி நனையும்.

முதலில் பம்ப்பைப் போட்டு, எல்லாக் குழாயையும் மூடி, கொஞ்ச நேரம் காத்திருந்தோம். பம்ப் தானாக ஓடவில்லை. அழுத்தம் இறங்கவில்லை என்றால் உள்குழாயில் ஒழுகல் இல்லை. அடுத்து, வடிகால் ஓட்டைகளை அடைத்து, ட்ரேயில் ஓர் அங்குலம் தண்ணீர் கட்டினோம். தண்ணீரில் துளி கேசரிப் பவுடர். நிறம் இருந்தால், எங்கோ ஒரு சொட்டு வந்தாலும் கண்ணில் படும். ஒரு மணி நேரம் கழித்தும் மட்டம் அப்படியே இருந்தது, கீழே காய்ந்தே கிடந்தது. ட்ரே முழுசு. அடைப்பை எடுத்து மொத்தத் தண்ணீரையும் விட்டோம். வடிகுழாய் இணைப்பிலும் சொட்டு இல்லை.

பிறகு ஷவரைத் திறந்து சுவரெல்லாம் நனைத்தோம். பெட்டிக்குள் எதுவும் வரவில்லை. இந்த இடத்தில் நிறுத்தியிருந்தால், "சீலன்டும் நன்றாகத்தான் இருக்கிறது" என்று முடிவு கட்டியிருப்போம். ஆனால் யாரும் ஆளில்லாமல் குளிப்பதில்லை. என்னோடு வேலை பார்க்கும் தம்பியை ட்ரேக்குள் நிற்கச் சொன்னேன். மேலே நிறத் தண்ணீரை மக்கில் மொண்டு சுவரில் ஊற்ற ஊற்ற, நான் பெட்டிக்குள் டார்ச் அடித்துக்கொண்டு படுத்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் தடுப்பின் அடியில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு கோடு. அது தடித்து, ஒரு சொட்டாகத் திரண்டு, போர்வை வைக்கும் பலகையில் விழுந்தது. "இறங்கு தம்பி" என்றேன். அவன் இறங்கியதும் கொஞ்ச நேரத்தில் கோடு நின்றுவிட்டது.

மேலே வந்து பார்த்தால் சீலன்ட் முழுசாகத் தெரிந்தது. மறுபடி அவனை நிற்க வைத்து, மூலையை நெருங்கிப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. அவன் எடையில் ட்ரே கீழே அமுங்குகிறது. அமுங்கும்போது சீலன்டின் மேல் விளிம்பு ஏபிஎஸ் ஷீட்டிலிருந்து விலகி, ஒரு நகம் நுழையும் அளவுக்கு வாய் திறக்கிறது. இறங்கினால் மூடிக்கொள்கிறது. காலி ஷவரை எத்தனை முறை பார்த்தாலும் பிடிபடாத பிளவு இது.

அளந்து பார்த்தோம். சுவருக்கும் ட்ரே விளிம்புக்கும் இடைவெளி 4 மி.மீ. ஆள் நின்றால் ட்ரே இறங்குவது இரண்டரை மி.மீ. கடையில் கிடைக்கும் நல்ல சிலிக்கான் பலவும் இடைவெளியின் அகலத்தில் 25 சதவீதம் வரை இழுபடுவதைத் தாங்கும் என்ற கணக்கில் வருபவை. 4 மி.மீ. இடைவெளியில் அது 1 மி.மீ. இங்கே இழுபடுவதோ அதைப்போல் இரண்டரை மடங்கு. எந்தக் கம்பெனி டியூபை வாங்கி, எவ்வளவு கவனமாக அடித்திருந்தாலும் இந்த இடத்தில் கிழிந்துதான் இருக்கும். வருஷா வருஷம் அடித்தும் நிற்காததற்கு இதுதான் காரணம். சாரிடம் இதைச் சொன்னபோது, அவரே ட்ரேயில் ஏறி நின்று, குனிந்து பார்த்துவிட்டு, "சரி தம்பி, கீழ என்ன இருக்குன்னு பாருங்க" என்றார்.

ட்ரேக்கு அடியில்

தடுப்பின் கீழ்ப் பலகை எப்படியும் கழற்ற வேண்டியதுதான். கழற்றியதும் ட்ரேயின் அடிப்பகுதி தெரிந்தது. ஓரங்களில் மட்டும் ரீப்பர் கட்டை. நடுவில் தாங்கலுக்கு வைத்தது தெர்மாகோல் துண்டு. டிவி பெட்டியில் வருகிற அதே வெள்ளைத் தெர்மாகோல். மிதிபட்டு மிதிபட்டு அது உருண்டையாக உதிர்ந்து, தரையெல்லாம் சிதறிக் கிடந்தது. ட்ரே அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது என்றே சொல்லலாம். இன்னும் சில வருஷம் போயிருந்தால் ஃபைபரே நடுவில் கீறல் விட்டிருக்கும்.

தாங்கலுக்கு, கட்டிட வேலையில் வெப்பத்தடுப்புக்குப் போடுகிற கெட்டியான எக்ஸ்பிஎஸ் பலகையை வெட்டி அடுக்கினோம். இது தண்ணீரை உறிஞ்சாது, தெர்மாகோல் மாதிரி சீக்கிரம் நொறுங்காது. ட்ரேயின் அடி சமமாக இல்லாததால், மேலடுக்குக்கும் ட்ரேக்கும் நடுவில் பாலியூரிதேன் பசையைத் தாராளமாக வைத்து, மேலே எடை ஏற்றி இறுகவிட்டோம். ஸ்பிரே ஃபோம் அடித்தால் போதாதா என்று தம்பி கேட்டான். சாதாரண ஃபோம் விரியும்போது ட்ரேயையே மேலே தூக்கிவிடும். அதோடு வடிகுழாயை மூடிக்கொள்ளும், நாளைக்கு அந்த இணைப்பைத் திறக்க முடியாது. வண்டியில் எது செய்தாலும் அடுத்து வருகிறவன் பிரிக்க வேண்டியிருக்கும் என்று நினைத்துத்தான் செய்ய வேண்டும்.

தாங்கல் வைத்த பிறகு அவன் ஏறி நின்றபோது ட்ரே இறங்கியது அரை மி.மீ.கூட இல்லை.

பழையதை எடுப்பது

இந்த மூலையில் மூன்று அடுக்கு இருந்தது. அடியில் வண்டி கட்டியபோது போட்ட வெள்ளை சிலிக்கான். அதன் மேல் இன்னொரு சிலிக்கான். அதற்கும் மேல், ஒரு மூலையில் மட்டும், எல்லோரும் எம்சீல் என்று சொல்கிற எபாக்சிப் பட்டி. பட்டி கல்லாக இறுகிவிடும். ஆடுகிற இடத்தில் அது நிற்காது, ஒரு பக்கம் விட்டுக்கொண்டு நின்றது. நடு அடுக்கின் நுனியைப் பிடித்து இழுத்ததும் அது ஒரே நாடாவாக, ஒரு முழத்துக்கு மேல், தானாகக் கழன்று வந்தது. இறுகிய சிலிக்கான் மேல் எதுவும் சரியாக ஒட்டாது, புது சிலிக்கானும் ஒட்டாது. மேலே மேலே அடித்த டியூப் எல்லாம் அங்கே சும்மா உட்கார்ந்திருந்தது, அவ்வளவுதான்.

அடியில் இருந்த அடுக்குதான் சிரமம் கொடுத்தது. இங்கே இரும்பு பிளேடு வைத்துச் சுரண்டக்கூடாது. ஏபிஎஸ் ஷீட்டிலும் ஃபைபர் ட்ரேயின் பளபளப்பான மேல்பூச்சிலும் ஒரு கீறல் விழுந்தால் அது நிரந்தரம். அந்தக் கீறலில்தான் அழுக்கும் பூசணமும் முதலில் குடியேறும். பிளாஸ்டிக் சுரண்டியோடு, நாங்கள் மூங்கில் சீவலும் பயன்படுத்துகிறோம். பச்சை மூங்கிலைப் பட்டையாகச் சீவி, நுனியை உளி மாதிரி சாய்த்துக்கொண்டால் போதும். இடுக்குக்குள் போகும், அழுத்தினாலும் கீறாது, மழுங்கினால் மறுபடி சீவிக்கொள்ளலாம்.

அடுத்து, தின்னர், அசிட்டோன் இரண்டையும் ஷவர் பக்கமே கொண்டுபோகக்கூடாது. அசிட்டோன் ஏபிஎஸ் பிளாஸ்டிக்கைக் கரைக்கும். ஒரு துணியில் தொட்டு ஒருமுறை துடைத்தாலே மேற்பரப்பு மங்கி ஒட்டிக்கொள்ளும். துடைப்பதற்கு நாங்கள் எடுத்தது ஐசோபுரொபைல் ஆல்கஹால். அதுவும் தீப்பிடிக்கும் பொருள்தான். வண்டிக்குள் சமையல் சிலிண்டர் இருந்ததால் அதைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு, கதவு சன்னல் எல்லாம் திறந்து வைத்துத்தான் பாட்டிலைத் திறந்தோம்.

எல்லாம் எடுத்தாயிற்று என்று கண்ணுக்குத் தெரிந்தாலும், மெல்லிய படலம் மிச்சம் இருக்கும். விரலை மெதுவாக இழுத்தால் சுத்தமான ஃபைபர் ஒரே மாதிரி வழுவழுப்பாக இருக்கும், சிலிக்கான் படலம் உள்ள இடம் விரலை லேசாகப் பிடிக்கும். சந்தேகம் இருந்தால் மார்க்கர் பேனாவில் ஒரு கோடு போட்டுப் பார்ப்போம். படலம் உள்ள இடத்தில் மை பரவாமல் புள்ளி புள்ளியாகச் சுருங்கிக்கொள்ளும். ஆல்கஹால் துணியால் கோட்டைத் துடைத்துவிட்டு அந்த இடத்தில் மட்டும் மறுபடி சீவல். இந்த வேலைக்குக் கணக்குப் பார்க்காமல் நேரம் கொடுக்க வேண்டும்.

அலுமினிய ஆங்கிள் ஓரத்தில் இன்னொன்று கண்ணில் பட்டது. சிலிக்கான் படிந்திருந்த இடத்தில் மட்டும் உலோகம் வெள்ளை மாவாகப் பூத்திருந்தது. அடிக்கும்போது வினிகர் வாடை வருகிற சிலிக்கான் இறுகும்போது அசிட்டிக் அமிலத்தை வெளியே விடும். கண்ணாடிக்கு அது பரவாயில்லை. அலுமினியத்தையும் துத்தநாகம் பூசிய இரும்பையும் அது அரிக்கும், அரித்த பூவின் மேல் எந்தப் பசைக்கும் பிடிமானம் இருக்காது. உப்புக்காற்று வேறு இருக்கிற ஊரில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். ஆங்கிளைக் கழற்றி, மெல்லிய உப்புத்தாளில் தேய்த்து, பிரைமர் அடித்து வைத்தோம்.

பூசணக் கறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். சிலிக்கானுக்குள் இறங்கிய கறுப்பைத் தேய்த்து எடுக்க முடியாது, எடுத்துப் போடத்தான் வேண்டும். சுவரில் மிச்சம் இருந்ததை நீர்த்த பிளீச்சால் துடைத்து, நல்ல தண்ணீரில் கழுவினோம். அம்மா அதுவரை பாத்ரூம் ஆசிட் ஊற்றித் தேய்த்திருக்கிறார்கள். பிளீச்சும் ஆசிடும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். வீட்டு பாத்ரூமிலேயே ஆபத்து. இரண்டடி ஷவர் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு தேய்த்தால் மூச்சு முட்டிவிடும். இதை அவர்களிடம் அழுத்திச் சொன்னேன். படிக்கிறவர்களும் தயவுசெய்து மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

காயவிடுதல்

தடுப்புப் பலகையில் ஸ்க்ரூடிரைவர் முனையை வைத்து அழுத்தினால், மூலையில் ஓர் அடி நீளத்துக்கு அது வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கியது. அந்தத் துண்டை வெட்டி எடுத்தோம். அடுக்குகள் பிரிந்து, நடுவே கறுத்து, கையால் கசக்கினால் தூளாகும் நிலை. வண்டி கட்டியபோது போட்டது வீட்டு அலமாரிக்குப் போடும் ஐஎஸ் 303 எம்ஆர் ரக பிளைவுட். ஈரம் படுகிற இடத்துக்கு ஐஎஸ் 710 மரைன் பிளைவுட் போட வேண்டும். புதுத்துண்டு அதில்தான் வெட்டினோம். அதன் நாலு விளிம்பிலும் எபாக்சி ரெசின் பூசினோம், பிளைவுட் தண்ணீர் குடிப்பது விளிம்பு வழியாகத்தான்.

மிச்சப் பலகை கெடவில்லை, ஆனால் ஊறியிருந்தது. ஷவர் பக்கம் ஏபிஎஸ் ஷீட் மூடியிருப்பதால் ஈரம் வெளியேற ஒரே வழி பெட்டிப் பக்கம். வாடிக்கையாளர்கள் பொறுமை இழப்பது இந்தக் கட்டத்தில்தான். மேலே எல்லாம் காய்ந்து தெரியும், கையில் டியூப் இருக்கும், இன்றைக்கே அடித்துவிட்டால் என்ன என்று தோன்றும். ஈரத்தை உள்ளே வைத்து மூடினால் பலகை உள்ளேயே அழுகும், வெளியே சீலன்ட் மட்டும் பார்க்க அழகாக இருக்கும்.

புதுச்சேரியில் எப்போது திறந்து வைக்க வேண்டும், எப்போது மூட வேண்டும் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. மே, ஜூனில் காலையில் காற்று மேற்கிலிருந்து வரும். வெயில் ஏற ஏற அது உலர்ந்துகொண்டே போகும். மதியத்தில் கடல்காற்று திரும்பியதும் கழுத்துப் பட்டை பிசுபிசுக்கத் தொடங்கும். வில்லியனூர் உள்ளே தள்ளி இருப்பதால் எங்களுக்குக் கடற்கரையைவிடக் கொஞ்சம் தாமதமாக வரும், அவ்வளவுதான் வித்தியாசம். காலை ஒன்பது மணி வாக்கில் எல்லாவற்றையும் திறந்து, பெட்டிக்குள் ஒரு டேபிள் ஃபேனைத் திருப்பி வைத்தோம். கடல்காற்று இறங்கியதும் எல்லாவற்றையும் மூடிவிட்டு வண்டி ஏசியைப் போட்டோம். ஏசி காற்றிலிருக்கும் ஈரத்தை எடுத்துச் சொட்டுக் குழாய் வழியாக வெளியே விடும். சூடு ஏறட்டும் என்று வண்டியை அடைத்து வெயிலில் நிறுத்துவதில் பலன் இல்லை. பலகை விட்ட ஈரம் வெளியே போக வழி இல்லாமல் இரவில் மறுபடி பலகைக்கே திரும்பும்.

ஒரு வாரத்துக்கு மேல் ஆனது. மூலை 31-லிருந்து இறங்கி, அலமாரிப் பலகையின் 13-க்குப் பக்கத்தில் 14-க்கு வந்து நின்றது. இரண்டு நாள் தொடர்ந்து அதே எண் வந்த பிறகுதான் புதுத்துண்டை ஒட்டி மூடினோம்.

புது சீலன்ட்

எடுத்தது நியூட்ரல் கியூர் சிலிக்கான், பூசணத் தடுப்பு மருந்து கலந்த பாத்ரூம் ரகம். வினிகர் வாடை வராது, அலுமினியத்தை அரிக்காது. பாலியூரிதேன் சீலன்ட் வெளிப்புறத் தகட்டு இணைப்புக்கு நல்லது. ஆனால் ஷவரில் அடித்தால் அடுத்த முறை எடுக்கும்போது ஏபிஎஸ் ஷீட்டையும் பிய்த்துக்கொண்டு வரும். அக்ரிலிக் சீலன்ட் சுவர் வெடிப்புக்குத்தான்.

வாங்கும்போது டியூபில் தேதியைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். பெரும்பாலானவை தயாரித்து ஒரு வருஷம்தான் தாங்கும். தகரக் கூரைக் கடையில் வெயிலில் கிடந்தது என்றால் அதுவும் தாங்காது. பழைய டியூப் அடிக்கும்போது நன்றாகத்தான் வரும், ஆனால் நாள் கணக்கில் பிசுபிசுப்பாகவே இருக்கும். கூடவே, இடைவெளிக்குள் திணிக்கும் ஃபோம் கயிறான பேக்கர் ராடும் வாங்க வேண்டும். பிளம்பிங் கடையில் கிடைக்காது. கட்டிட முகப்புக்குக் கண்ணாடியும் ஏசிபி ஷீட்டும் போடுகிறவர்கள் வாங்கும் கடையில் கிடைக்கும். 4 மி.மீ. இடைவெளிக்கு 6 மி.மீ. கனமுள்ள ஃபோம் கயிற்றை அமுக்கி உள்ளே தள்ளினோம். சிலிக்கான் சுவரையும் ட்ரேயையும் மட்டும் பிடிக்க வேண்டும், பின்னால் மூன்றாவது பக்கமும் ஒட்டிக்கொண்டால் அதால் இழுபட முடியாமல் நடுவில் கிழியும். கயிறு அந்த மூன்றாவது பக்கத்தை ஒட்டாமல் வைக்கிறது.

அடிப்பதற்கு முன் ட்ரேயில் ஒரு பலகை போட்டு, அதன் மேல் 20 லிட்டர் தண்ணீர் கேன் மூன்றை வைத்தோம். அறுபது கிலோவுக்குமேல் ஆயிற்று, ஓர் ஆள் எடை. ட்ரே அமுங்கிய நிலையில் சிலிக்கான் இறுகினால், பிறகு யார் ஏறி நின்றாலும் அது இழுபடாது, இறங்கினால் லேசாக அமுங்கும். அமுங்குவதை சிலிக்கான் நன்றாகவே தாங்கும்.

இரண்டு பக்கமும் மாஸ்கிங் டேப், நுனியைச் சாய்வாக வெட்டிய நாசில், சீலன்ட் கன்னை நிறுத்தாமல் ஒரே இழுப்பு. மே மாத வெப்பத்தில், நம் காற்றின் ஈரத்தில், மேலே தோல் படிவது சீக்கிரம் நடக்கும். டியூபில் பதினைந்து நிமிடம் என்று போட்டிருந்தாலும் அதை நம்பக்கூடாது. காலை ஏழு மணிக்கு முன் தொடங்கி, ஒரு பக்கம் அடித்து, வழித்து, டேப்பை எடுத்துவிட்டுத்தான் அடுத்த பக்கத்துக்குப் போனோம். தோல் படிந்த பிறகு டேப்பை உரித்தால் விளிம்பு பிசிறு தட்டும்.

பலகையைக் காயவைக்கும்போது தொல்லை கொடுத்த அதே ஈரக்காற்று இங்கே உதவி. சிலிக்கான் காற்றிலிருக்கும் ஈரத்தை எடுத்துக்கொண்டுதான் இறுகும், மேலிருந்து உள்ளே, நாளொன்றுக்கு இரண்டு மூன்று மி.மீ. வீதம். அதனால் இப்போது ஏசியை நிறுத்திவிட்டு சன்னலைத் திறந்து வைத்தோம். மறுநாளே குளிக்கலாம் என்று டியூபில் எழுதியிருக்கும். கேன்களை எடுக்காமல் இன்னும் சில நாள் விட்டுவைத்தோம். அந்த வாரக் கடைசியில் ஏற்காடு கிளம்புவதாக இருந்த தம்பதி பயணத்தைத் தள்ளிப்போட்டார்கள். அதற்கு அவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும்.

அதன் பிறகு

கேசரித் தண்ணீரோடு தம்பி மறுபடி ட்ரேயில் ஏறினான். இந்த முறை குதித்தும் பார்த்தான். பெட்டி காய்ந்தே இருந்தது. ஆனால் நிற்கிற வண்டியில் செய்த சோதனை பாதிதான். ஓடும்போது சட்டகம் முறுக்கும், ஒவ்வொரு வேகத்தடையிலும் மூலை இழுபடும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் வரை இழுத்துப் போய்த் திரும்பி வந்து, அதே சோதனையை அப்படியே மறுபடி செய்தோம். வரவில்லை.

நவம்பரில், மழைக்கு நடுவே, லாஸ்பேட்டைக்குப் போய் அளந்தேன். அலமாரிப் பலகை 17. ஷவர் மூலை 18. எண்ணை மட்டும் பார்த்தால் மே மாதத்தைவிடக் கூடுதல். வித்தியாசம் அதே ஒன்றுதான். பெட்டியைத் திறந்து அம்மா போர்வையை எடுத்துக் காட்டினார்கள், வாடை இல்லை.

பழக்கத்தில் இரண்டு மாற்றம் சொல்லியிருக்கிறேன். இந்த ட்ரேயில் எதிரெதிர் மூலையில் இரண்டு வடிகால் ஓட்டைகள் இருக்கின்றன. வண்டி எந்தப் பக்கம் சாய்ந்து நின்றாலும் தண்ணீர் போகட்டும் என்றுதான் கேரவன் ட்ரேயில் அப்படி வைப்பார்கள். ஒன்று முடி அடைத்துக் கிடந்தது, அதை மாதம் ஒருமுறை பார்க்கச் சொன்னேன். குளித்து முடித்ததும் மூலையை ஒரு துணியால் துடைத்து, மேல் வென்ட்டைத் திறந்து விடச் சொன்னேன்.

ஷவர் கதவுச் சட்டத்தின் அடியில் இருக்கும் பழைய சீலன்டை நாங்கள் தொடவில்லை. அது வினிகர் ரகம்தான், ஆனால் பிடிப்பு நன்றாக இருக்கிறது, பின்னால் ஈரமும் இல்லை. அடுத்த மே மாதம் மறுபடி அளக்கும்போது அங்குள்ள அலுமினியம் வெள்ளையாகப் பூத்திருந்தால் அதையும் எடுத்துவிடுவது என்று சாரோடு பேசி வைத்திருக்கிறோம்.